அண்ணி வேண்டிக்கொண்ட என் முடி

என் மகளை அண்ணியிடமிருந்து, என் கணவரின் அக்காவிடமிருந்து, திரும்ப வாங்க எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. வாங்க என்று எழுதிவிட்டு, அது சரியான சொல்தானா என்று யோசிக்கிறேன். அண்ணி அவளைத் திருடிக்கொண்டு போகவில்லை. நான் நினைவில்லாமல் கிடந்தபோது பதினான்கு மாதக் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு சித்தூருக்கு பஸ் ஏறியவர் அவர். அவர் தூக்கியிருக்காவிட்டால் வேறு யார் தூக்கியிருப்பார்கள் என்று எனக்கு இப்போதும் தெரியாது. அதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். சொன்னேன். சொல்லச் சொல்ல அவர்மேல் ஆத்திரம் கூடியதே தவிர குறையவில்லை.

விபத்து எனக்கு நினைவில்லை. கேட்டதைத்தான் எழுதுகிறேன். விஜயபுரம் பக்கம் எங்கள் ஊரில் பண்டிகை முடிந்து, நானும் என் கணவரும் வண்டியில் திருப்பதிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். குழந்தைக்குப் புழுதி ஆகாது, நான் பஸ்ஸில் கூட்டி வருகிறேன் என்று அண்ணி அவளைத் தன்னோடு வைத்துக்கொண்டார். வழியில் ஒரு வேகத்தடை. அதற்கு வெள்ளை அடித்திருக்கவில்லை. ஒருபக்கமாக உட்கார்ந்திருந்த நான் எகிறிப் போய்ப் பின்மண்டை தரையில் அடிக்க விழுந்தேன். என் கணவர் ஹெல்மெட் போட்டிருந்தார். அவருக்கு முழங்கையில் தோல் உரிந்தது. வீட்டில் ஒரே ஒரு ஹெல்மெட்தான் இருந்தது. ஓட்டுகிறவர் போட்டுக்கொள்வது என்று நான்தான் ஏற்பாடு செய்திருந்தேன்.

"கொழந்தய நான் அன்னைக்கி வாங்கி வெச்சிக்கலன்னா இன்னா ஆயிருக்கும்?" என்று அண்ணி பிறகு பலமுறை கேட்டார். ஒவ்வொரு முறையும் நான் தலையைக் குனிந்துகொண்டேன். குனிந்தால் தையல் இழுக்கும். இழுக்கட்டும் என்று குனிந்தேன்.

திருப்பதியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மூளை வீக்கத்துக்கு இடம் விட வேண்டும் என்று மண்டையோட்டில் ஒரு உள்ளங்கை அளவு எலும்பை வெட்டி எடுத்தார்கள். அதை என் வயிற்றுத் தோலுக்கடியில் பையாக வெட்டி வைத்துத் தைத்தார்கள். நான்கு மாதம் கழித்துத் திரும்ப எடுத்து இருந்த இடத்தில் பொருத்தினார்கள். அந்த நான்கு மாதமும் வயிற்றைத் தடவினால் என் மண்டையோடு கையில் தட்டுப்படும். பிள்ளை இருந்த வயிற்றில் இப்போது இது என்று நினைத்துக்கொள்வேன். அதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அதற்கும் ஒரு பேர் வைத்திருப்பார்கள்.

எலும்பை எடுக்கும் முன் என் முடியை மிஷின் போட்டு வழித்தார்கள். இடுப்பு வரை இருந்த முடி. வழித்து முடித்த நேரத்தில் வெளியே வராந்தாவில் அண்ணி நின்றிருந்தார். அங்கிருந்த ஜன்னலில் திருமலை தெரியும். மலையைப் பார்த்துக் கையெடுத்து, "இவ கண்ணத் தொறந்தா போதும், இவ முடிய மொத்தமா உனுக்குக் குடுத்துடறேன் சாமி" என்று வேண்டிக்கொண்டார். உள்ளே முடி இல்லை என்பது அவருக்குத் தெரியாது. கையெழுத்து வாங்க நர்ஸ் வெளியே வந்தபோதுதான் தெரிந்தது.

"முடி எங்கம்மா? ஒரு கவர்ல போட்டுக் குடு. அது சாமி முடி."

நர்ஸுக்குப் புரியவில்லை. "ஏ ஜுட்டு? அதி எல்லோ கவர்லோ போயிந்தம்மா" என்றாராம். எந்த முடி, அது ஆஸ்பத்திரிக் கழிவைப் போடுகிற மஞ்சள் பையில் போய்விட்டது என்று பொருள்.

"சாமி முடிய குப்பையில போட உனுக்கு இன்னா தைரியம்?" என்று அண்ணி சத்தம் போட்டார். காவலாளி வந்தார். என் கணவர் இதை எனக்கு முதல் முறை சொன்னபோது சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன். அப்போது எனக்கு எதற்குச் சிரிக்க வேண்டும் எதற்குக் கூடாது என்று தெரியாது. மற்றவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பேன். இந்த விஷயம் சிரிக்கக் கூடியது இல்லை என்பது மெதுவாகத்தான் தெரிந்தது. வேண்டுவதற்கு முன்பே வெட்டப்பட்ட முடி வேண்டுதலில் சேருமா என்று சொந்தக்காரர்கள் பேசிப் பேசி, சேராது என்று முடிவு செய்தார்கள். இனி வளரும் முடியைத்தான் கொடுக்க வேண்டும். அதாவது, என் தலையில் இன்னும் முளைக்காத முடி ஏற்கெனவே என்னுடையது இல்லை.

*

வீட்டுக்கு வந்த பிறகு நான் நல்லபடியாக நடந்துகொண்டேன் என்று சொல்ல முடியாது.

முன்பு நான் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்தேன். ரத்த மாதிரி எடுத்த குழாயில் பெயர்ச் சீட்டு ஒட்டும் முன் மூன்று முறை சரிபார்ப்பேன். கூட வேலை செய்தவர்கள் கேலி செய்வார்கள். இப்போது தண்ணீர் கேட்க நினைத்து "சாவி கொடுங்க" என்பேன். சாவியைக் கொடுத்தால் எறிவேன். மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு கத்துவேன். பத்து நிமிஷம் யாராவது பேசினால் கண்ணுக்குப் பின்னால் ஏதோ வெந்நீர் ஊற்றினது போல ஆகும். என் கணவர் ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். விடியற்காலை கம்பெனி பஸ் ஏறினால் சாயங்காலம்தான் வருவார். வந்ததும் அன்றைக்கு என்னிடம் என்ன வசவு கிடைக்கும் என்று பார்த்துக்கொண்டே செருப்பைக் கழற்றுவார்.

அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். நான் எது சொன்னாலும், "இது நீ பேசல, அடி பேசுது" என்பார். டாக்டர் ஒருமுறை சொன்னாராம், கோபம் வந்தால் அது காயத்தால் வருவது, மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று. நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் அதற்குப் பிறகு என் வாயிலிருந்து வரும் எதுவும் என்னுடையதாக இல்லாமல் போய்விட்டது. சாம்பாரில் உப்பு அதிகம் என்றாலும் அடி பேசுது. உங்கள் அக்கா என் குழந்தையை எப்போது கொண்டுவருவார் என்றாலும் அடி பேசுது.

நிஜமாகவே அடிதான் பேசுகிறதோ என்று எனக்கும் சந்தேகம் வரும். ராத்திரி படுத்துக்கொண்டு அன்றைக்குப் பேசியதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பேன். இது நான், இது அடி என்று பிரிக்கப் பார்ப்பேன். பாதியிலேயே எது எந்தப் பக்கம் என்று மறந்துபோகும்.

ஒரு விஷயத்தில் மட்டும் திருப்பதி எனக்கு வசதியாக இருந்தது. இந்த ஊரில் மொட்டைத் தலையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆட்டோக்காரர் தொடங்கிக் கறிவேப்பிலை விற்கிற பெண்மணி வரை, "தரிசனம் பாகா ஜரிகிந்தா அம்மா?" என்று கேட்பார்கள். தரிசனம் நன்றாக ஆச்சா என்று. ஆச்சு என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஊருக்குப் போனால்தான் தலையைப் பார்ப்பார்கள், பிறகு வயிற்றைப் பார்ப்பார்கள், பிறகு என் கணவரைப் பாவமாகப் பார்ப்பார்கள்.

*

விபத்து நடந்த எட்டாவது மாதம் குழந்தையைக் கொண்டுவந்து விட்டார்கள். பதினோரு நாள் நன்றாகப் போனது. நன்றாக என்றால், அவள் என்னிடம் வரமாட்டாள், நானும் வற்புறுத்த மாட்டேன். ஒரே வீட்டில் இரண்டு வாடகைக்காரர்கள் போல இருந்தோம். பன்னிரண்டாம் நாள் அவளைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக் கடைக்குப் போனேன். சில்லறை எடுக்க வேண்டி அவளை வெங்காய மூட்டையின் மேல் உட்காரவைத்தேன். கொத்தமல்லியும் பச்சை மிளகாயும் வாங்கினேன். வீட்டுக்கு வந்தேன். கொத்தமல்லியை வேர் கிள்ளித் தண்ணீரில் போட்டேன். தலை கனத்தது, படுத்தேன்.

அரை மணி நேரம் கழித்துக் கதவைத் தட்டினார்கள். கடைக்காரர் மனைவி, இடுப்பில் ஒரு குழந்தை. யார் குழந்தை என்று ஒரு கணம் யோசித்தேன். அந்த ஒரு கணத்தை அந்தப் பெண்மணி பார்த்துவிட்டார்.

அண்ணிக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. என் கணவர்தான் சொல்லியிருக்க வேண்டும். மூன்று மணி நேரத்தில் சித்தூரிலிருந்து வந்து நின்றார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"கொத்தமல்லி ஞாபகம் இருந்துச்சா?"

நான் கொத்தமல்லி கிடந்த பாத்திரத்தைப் பார்த்தேன்.

"சொல்லு. கொத்தமல்லிய வுட்டுட்டு வந்தியா, எடுத்துக்கினு வந்தியா?"

"எடுத்துக்கினு வந்தேன் அண்ணி."

"அதான பாத்தேன்." குழந்தையின் சட்டைகளை மடிக்காமல் பையில் திணித்தார். "வேண்டுதல அப்பிடியே வெச்சிக்கினு இருந்தா இப்பிடித்தான் ஆவும். சாமி கோச்சிக்கினு கீறாரு. முடிய எறக்கு. அப்புறம் கொழந்த வரும்."

"ரெண்டாவது ஆபரேஷனுக்கு வழிச்ச முடியே இன்னும் வளரலையே அக்கா" என்றார் என் கணவர்.

"வளரட்டும். அது வரைக்கும் எங்கிட்ட இருக்கட்டும். எனக்கு இன்னா பாரம்?"

குழந்தை அவர் தோளில் ஏறியதும் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவர்கள் தெருமுனை திரும்பும் வரை நான் வாசலில் நின்றேன். அவரைத் தடுக்கவில்லை. இதை அடி மறைத்துவிடவில்லை. எனக்கே தெரியும், அன்று அவர் சொன்னது சரி.

*

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தூருக்குப் போய் வந்தோம். அண்ணியின் கணவர் மாங்கூழ் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். சீசனில் அந்தத் தெரு முழுக்கப் பழ வாசனை அடிக்கும். அந்த வாசனையே எனக்குக் குமட்டும். அவர்களுக்கு ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண் இருக்கிறாள். வீடு சுத்தமாக இருக்கும். அடுப்பில் எதுவும் தீயாது. என் மகளுக்கு எண்ணெய் தடவி, இரட்டைச் சடை போட்டு, மை வைத்து உட்காரவைத்திருப்பார். அவள் அண்ணியை அம்மா என்றாள்.

"அம்மா இல்லடி, அத்த. அத்தன்னு சொல்லு. அதோ கீறாங்க பாரு அம்மா" என்று என்னைக் காட்டுவார். திருத்துவதை எனக்குக் கேட்கும்படி திருத்துவார். நான் பஸ் ஏறிய பிறகும் திருத்துவாரா என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசிப்பேன். திருத்தியிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

முடி நான்கு விரல் நீளம் வளர்ந்தது. காதுக்கு முன்னால் தொடங்கி, மேலேறி, வளைந்து, நெற்றிக்கு இறங்கும் தழும்பை அது முதல் முறையாக மூடியது. கண்ணாடியில் நான் மறுபடி ஒரு ஆள் போலத் தெரிந்தேன். அந்த வாரமே அண்ணி போன் செய்தார். "போதும், அவ்ளோ முடி போதும். வர்ற வெள்ளிக்கெழம மேல போலாம்."

தழும்பின் மேல் கத்தி படலாமா என்று டாக்டரைக் கேட்டேன். படக்கூடாது என்று அவர் சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் கெஞ்சினேன். அவர் தடவிப் பார்த்துவிட்டு, புண் நன்றாக ஆறிவிட்டது, வெட்டுப் படாமல் வழித்தால் ஒன்றும் ஆகாது என்றார். அதோடு என் கடைசிச் சாக்கும் போயிற்று. பெண்கள் மூன்று கத்திரி, அதாவது மூன்று இடத்தில் கொஞ்சம் முடி வெட்டிக் கொடுத்தால் போதும், முழு மொட்டை வேண்டியதில்லை, பாதிப் பேர் அப்படித்தான் கொடுக்கிறார்கள் என்று அண்ணியிடம் சொல்லிப் பார்த்தேன்.

"மொத்தமான்னு வேண்டினேன். மூணு கத்திரின்னு வேண்டல. சாமிகிட்ட போய் பேரம் பேசறியா?"

"முடிய எறக்கினா அன்னைக்கே கொழந்த எங்கூட வரணும் அண்ணி."

"வரும். நான் இன்னா வாய் மாத்தறவளா?"

*

மலைக்கு நான்கு பேர் போனோம். என் கணவர், அண்ணி, நான், அண்ணி மடியில் என் மகள். பஸ் வளைவுகளில் திரும்பத் திரும்ப எனக்குத் தலை சுற்றியது. கம்பியைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டேன். "வாந்தி வருதா? கவர் வெச்சிருக்கேன்" என்று அண்ணி பாலிதீன் கவரை நீட்டினார். எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு கவர் இருக்கும். அதுவும் எரிச்சலாக இருந்தது.

மொட்டை போடுகிற கல்யாணகட்டாவில் வரிசையில் நின்று டோக்கனும் பாதி பிளேடும் வாங்கிக்கொண்டோம். பெரிய கூடம். ஈரத்தரை. எங்கே பார்த்தாலும் முடி, குழந்தைகளின் அழுகை, தண்ணீர் ஓடும் சத்தம். பெண்களுக்குப் பெண்களே வழிக்கிறார்கள். என் டோக்கனை வாங்கிய பெண்மணிக்கு ஐம்பது வயதிருக்கும். என்னை எதிரில் உட்காரவைத்துத் தலையை முன்னால் சாய்த்துத் தண்ணீர் தெளித்துத் தேய்த்தார். தேய்த்த விரல்கள் தழும்பில் வந்து நின்றன. ஒரு விரல் மட்டும் அந்த மேட்டைப் பிடித்துக்கொண்டு காதிலிருந்து நெற்றி வரை வந்தது.

"ஆபரேஷனா அம்மா?"

ஆமாம் என்றேன். "பயப்படகு, மெல்லக செஸ்தானு" என்றார். பயப்படாதே, மெதுவாகச் செய்கிறேன் என்று. நல்ல பெண்மணி. பிளேடைக் கத்தியில் மாட்டினார்.

நான் எழுந்துவிட்டேன்.

ஏன் எழுந்தேன் என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன். பயம் இல்லை. மறுபடி அந்தத் தழும்போடு ஊருக்குள் நடக்க வேண்டும் என்பதா? அதுவும் முழுக் காரணம் இல்லை. என் மண்டையைத் திறந்தபோது யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்க முடியாது, நான் நினைவில் இல்லை. ஆனால் முடியை வேண்டிக்கொண்டவர் நினைவோடுதான் இருந்தார்.

"இன்னா ஆச்சு? உக்காரு" என்றார் அண்ணி.

"வேண்டினது நீங்க அண்ணி."

"ஆமா. அதுக்கு?"

"என் முடிய ஏன் வேண்டுனீங்க? உங்களுக்கு முடி இல்லையா? உங்க முடிய வேண்டியிருக்கலாமே."

பக்கத்தில் வழித்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். தமிழ் தெரிந்தவர்கள் அங்கே நிறையப் பேர். அண்ணியின் முடி முழங்கால் வரை வரும். கல்யாண வீடுகளில் அதைப் பற்றித்தான் பேச்சு. என் கணவர் முன்னால் வந்து இரண்டு கைகளையும் விரித்தார். "அக்கா, வுடு. நீ மனசுல வெச்சிக்காத. அது அவ இல்ல, அடி பேசுது."

"நீ வாய மூடு" என்றார் அண்ணி. "அடியாம் அடி. அவதான் பேசறா. கல்யாணம் ஆயி வந்த நாள்லருந்து வாய்க்குள்ளயே அடக்கி வெச்சிக்கினு இருந்தா, இன்னைக்கி துப்பறா." என் பக்கம் திரும்பினார். "அன்னைக்கி உனக்கு மூச்சு கீதா இல்லியான்னு தெரியாம நின்னுக்கினு இருந்தேன். எந்த முடி, யார் முடின்னு பாத்துக்கினா வேண்டுவாங்க?"

"பாத்துத்தான வேண்டுனீங்க. மொத்தமான்னு அளவு சொல்லி வேண்டுனீங்களே."

"நன்றி கெட்டவளே."

"நன்றி நூறு வாட்டி சொல்லிட்டேன். இன்னும் எத்தினி வாட்டி சொல்லணும்னு சொல்லுங்க, சொல்றேன். என் கொழந்தய குடுங்க."

அவர் முகம் சிவந்தது. குழந்தையை என் கணவர் கையில் கொடுத்தார். கொடுத்தார் என்பதைவிட வைத்தார் என்று சொல்ல வேண்டும். கொண்டையை அவிழ்த்தார். நேராகப் போய், நான் எழுந்த இடத்தில் உட்கார்ந்தார்.

அந்தப் பெண்மணி முடியைக் கையில் ஏந்திப் பார்த்துவிட்டு, "மூடு கத்திரலா, குண்டா?" என்றார். மூன்று கத்திரியா, மொட்டையா என்று.

"குண்டு" என்றார் அண்ணி.

வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். இரண்டு அடி தூரத்தில்தான் நின்றேன். சொல்லவில்லை. முதல் முடிக்கற்றை விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சந்தோஷமா பயமா என்று தெரியவில்லை. கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. அவர் ஒரு முறையும் தலையைத் திருப்பவில்லை. அழவில்லை. முழுவதும் முடிய நேரமானது, அவ்வளவு முடி. எழுந்தபோது அவர் சின்னதாகத் தெரிந்தார். காது இரண்டும் பெரியதாகத் தெரிந்தன.

பிறகு நானும் உட்கார்ந்து மூன்று கத்திரி கொடுத்தேன். யாரும் சொல்லவில்லை. கொடுக்காமல் கீழே இறங்க எனக்குத் துணிச்சல் இல்லை. அந்தப் பெண்மணி தழும்பு இல்லாத பக்கமாகப் பார்த்து மூன்று இடத்தில் கத்திரித்தார்.

குளித்துச் சந்தனம் பூசிக்கொண்டு அண்ணி வெளியே வந்தபோது நான் குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. அவள் பயந்து அழ வேண்டும் என்று எதிர்பார்த்தேன். அடையாளம் தெரியாமல் என் பக்கம் திரும்ப வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன், அந்த மலையிலேயே. குழந்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு இரண்டு கைகளையும் நீட்டி அவரிடம் தாவினாள். ஈரச் சந்தனத்தைத் தலையிலிருந்து வழித்துத் தன் வயிற்றில் பூசிக்கொண்டு சிரித்தாள்.

தரிசனம் முடிந்து மலை இறங்கினோம்.

*

கீழே திருப்பதி பஸ் ஸ்டாண்டில் சித்தூர் பஸ் தயாராக நின்றது. அண்ணி தோள்பையை இறக்கினார். குழந்தையின் துணிகள் எல்லாம் அதில் இருந்தன. காலையிலேயே எடுத்து வந்திருக்கிறார். வாய் மாற்றுகிறவர் இல்லைதான்.

"அக்கா, இவ்ளோ சண்டைக்கு அப்புறம் இன்னைக்கே வேணுமா? கொஞ்ச நாள் போகட்டுமே" என்றார் என் கணவர். நான் அவரைப் பார்த்த பார்வையில் ஒரு அடி பின்னால் போனார்.

"அத்தினி பேர் நடுவுல என் முடியப் பேச வாய் கீது" என்றார் அண்ணி. என்னைப் பார்க்கவில்லை, பையின் ஜிப்பைப் பார்த்துப் பேசினார். "என் முடியோட நீளம், வேண்டுன அளவு, எல்லாம் ஞாபகம் கீது. கொழந்தய எங்க வெச்சோம்னு மட்டும் மறந்து பூடுமா? வெச்சிக்கோ. கூட்டிக்கினு போ. மறுபடி எங்கியாவது வெச்சிட்டு வந்தன்னு காதுல வுழுந்துச்சி, நான் உங்கிட்ட வரமாட்டேன், நேரா போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான் போவேன்."

"போங்க" என்றேன்.

"போவேன்."

குழந்தையை என் கையில் தந்துவிட்டு பஸ் ஏறினார். ஜன்னலோரம் உட்காரவில்லை. குழந்தைக்கு விஷயம் புரிந்ததும் முதுகை வளைத்துக்கொண்டு கத்தினாள். அம்மா, அம்மா என்று பஸ்ஸைப் பார்த்துக் கத்தினாள். என் முகத்தில் அடித்தாள். ஒரு அடி, எலும்பைப் பொருத்திய இடத்திலேயே விழுந்தது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. அங்கே நின்றவர்கள் எல்லோரும் நான் யாருடைய குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறேன் என்று பார்த்தார்கள். என் கணவர் வாங்கிக்கொள்ள வந்தார். நான் கொடுக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் அவர் கம்பெனி பஸ்ஸுக்குப் போய்விட்டார். போகும்போது மூன்று முறை, "லீவு போடட்டா?" என்றார். போங்கள் என்றேன். நாங்கள் இருவர் மட்டும் வீட்டில். வாசற்கதவின் தாழ்ப்பாளைப் போட்டேனா என்று பார்த்தேன். போட்டிருந்தேன். மறுபடி பார்த்தேன்.

அவள் பால் குடிக்கவில்லை. இட்லியை ஊட்டப் போனால் வாயை இறுக்கிக்கொண்டாள். தோசை ஊற்றினேன், துப்பினாள். பதினோரு மணிக்குப் பருப்பு சாதம் பிசைந்து, உருட்டி, காக்கா காட்டி, டிவி போட்டு, வாய்க்கருகில் கொண்டுபோனேன். கையைத் தட்டிவிட்டாள். சோறு சுவரில் ஒட்டியது. நான் கத்தினேன். அவள் என்னைவிட அதிகமாகக் கத்தினாள். மிக்ஸியையாவது நிறுத்திவிடலாம், இதை எப்படி நிறுத்துவது? பக்கத்து அறைக்குப் போய்த் தலையணையில் முகத்தை அழுத்திக்கொண்டு எண்ணினேன். நாற்பது வரை எண்ணியதும் அவள் எங்கே என்று பயம் வந்து ஓடி வந்தேன். அதே இடத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

அண்ணிக்கு போன் செய்தால் அவளை எப்படிச் சாப்பிடவைப்பது என்று ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். அது எனக்குத் தெரியும். பன்னிரண்டு மணி வரை போனைத் தொடவில்லை. அந்த ஒரு மணி நேரம் என் குழந்தை பட்டினி கிடந்தது என் வீம்பினால். அடியினால் இல்லை.

"இன்னா?" என்றார் அண்ணி.

"காத்தாலருந்து எதுவும் துன்னல."

"இத்தினி நேரம் இன்னா பண்ணிக்கினு இருந்த? அப்பவே போன் பண்றதுக்கு இன்னா?"

"பண்ணா வந்து கூட்டிக்கினு போய்டுவீங்க."

அந்தப் பக்கம் ஒரு பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. நின்றது.

"ஊட்டறியா?"

"ஆமா."

"ஊட்டாத. அவளுக்கு ஊட்டறத நிறுத்தி நாலு மாசம் ஆவுது. தட்டுல போட்டு முன்னாடி வெச்சிட்டு நீ தள்ளிப் போ. தானா துன்னுவா. கீழ மேல கொட்டுவா, கத்தாத. மூஞ்சயே பாத்துக்கினு உக்காராத, அவளுக்குப் பிடிக்காது. ஒரு ஞாயித்துக்கெழமயாவது வந்தப்ப அவ துன்றதப் பாத்தியா நீ? என்னயே மொறச்சிக்கினு உக்காந்திருப்ப" என்றார். போனை வைத்துவிட்டார்.

தட்டில் சாதத்தைப் போட்டு அவள் முன்னால் வைத்தேன். தள்ளிப் போய்ச் சுவரோரமாக உட்கார்ந்து, ஜன்னலைப் பார்ப்பது போலப் பார்த்தேன். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஐந்து விரல்களையும் சோற்றில் விட்டு அள்ளினாள். பாதி வாய்க்குப் போனது, பாதி பாவாடைக்கு. இரண்டாவது பிடி. மூன்றாவது. என் பக்கம் ஒரு முறையும் பார்க்கவில்லை. தட்டு காலியானதும் அதை என் பக்கமாகத் தரையில் தள்ளிவிட்டாள். தட்டு பாதி தூரம் வந்து நின்றது. நான் எழுந்து போய் இன்னும் கொஞ்சம் சாதம் கொண்டுவந்து போட்டுவிட்டு, மறுபடி சுவரோரம் போய் உட்கார்ந்துகொண்டேன்.